மதிப்பு இல்லை என்று எழுதிய பெட்டி

என் மண்டைக்குள் மூளைக்குப் பதிலாகத் தெர்மாகோல்தான் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். இது தெர்மாகோலுக்குச் செய்யும் அநியாயம். தெர்மாகோல் தன்னிடம் கொடுத்த பொருளை உடையாமலாவது பார்த்துக்கொள்ளும். நான் என்ன செய்தேன் என்றால், அவளுடைய காதை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, அது ஒன்றுக்கும் ஆகாதது என்று என் கைப்பட எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு, கடல் தாண்டி அனுப்பிவைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வருவதைப் படிக்கும்போது நீங்கள் தனித்தனியாக என்னைத் திட்ட வேண்டியிருக்காது. மொத்தமாக இங்கேயே திட்டிக்கொள்ளலாம்.

காது என்றால் சதையால் ஆன காது அல்ல. கல்யாணமான மறுவருஷம் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, கேட்கும் சக்தி இரண்டு பக்கமும் போய்விட்டது. பிறகு ஆபரேஷன் செய்து வலது காதுக்குப் பின்னால், எலும்புக்குள், ஒரு கருவி வைத்தார்கள். அது உள்ளேயே இருக்கும். அதோடு பேசுவதற்கு வெளியே ஒரு மெஷின் உண்டு. காதின் மேல் மாட்டிக்கொள்வது, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. அதை மாட்டினால் அவளுக்கு எல்லாம் கேட்கும். கழற்றினால் இடி விழுந்தாலும் தெரியாது. கடையில் விற்கிற மற்ற காது மெஷின் எதுவும் அவளுக்கு உதவாது. அந்த ஒன்றுதான்.

சண்டை வந்தால் அதைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுச் சமையலைத் தொடர்வாள். நான் பேசிக்கொண்டே இருப்பேன். என் நகைச்சுவைகளுக்கு அவள் சிரித்ததில் பாதி, மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்ததாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் நீண்ட நாளாக உண்டு.

புரட்டாசி கடைசியில் ஒருநாள் அந்த மெஷின் பேச்சை நிறுத்திக்கொண்டது. பழைய மாடல், இங்கே ரிப்பேர் பார்ப்பதை நிறுத்திவிட்டோம் என்றார்கள். புதிதாக வாங்குவது எங்கள் கைக்கு எட்டாத பேச்சு. ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் விசாரித்து, அங்கே பழைய மாடல்களைச் சரிசெய்து தரும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். தபாலில் அனுப்புங்கள் மாப்பிள்ளை, நான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறேன் என்றார்.

இங்கேதான் என் பதினான்கு வருஷ அனுபவம் உள்ளே நுழைந்தது.

நான் ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டிஸ்பேட்ச் பகுதியில் இருக்கிறேன். திருச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மாதிரிப் பொருள் அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அதற்கு ஒரு மந்திரம் உண்டு: 'சாம்பிள், நோ கமர்ஷியல் வேல்யூ'. அதாவது, மாதிரிதான், விற்பதற்கில்லை, விலைமதிப்பு கிடையாது. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். இன்னொரு பழக்கம், கெட்டுப்போன பொருள் எதுவாக இருந்தாலும் அதில் ஒரு சிவப்புச் சீட்டு கட்டுவது. பொருள் பெயர், வரிசை எண், தேதி, கோளாறு, கையெழுத்து. சிவப்புச் சீட்டு இல்லாத பழுதுப் பொருள் எங்கள் கம்பெனியில் நகரவே கூடாது.

என் மனைவியின் மெஷினிலும் ஒரு சிவப்புச் சீட்டு கட்டினேன். கோளாறு என்ற இடத்தில் 'சத்தம் இல்லை, மனைவி பேசுவது மட்டும் நிற்கவில்லை' என்று எழுதினேன். ஜெர்மனியில் மச்சான் படித்துச் சிரிக்கட்டும் என்று.

டவுன் தபால் ஆபீஸில் வெளிநாட்டுப் பார்சல் வாங்கும் கவுன்டரில் ஒரு மேடம் இருக்கிறார். சேலத்துக்காரர். எதற்கும் சிரிக்காத முகம். பார்சலோடு சேர்ந்து போகும் சுங்கப் பாரத்தை என்னிடம் நீட்டினார். உள்ளே என்ன பொருள், எத்தனை, என்ன மதிப்பு, எதற்காகப் போகிறது என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் பாரம். நான் ஒரு நிமிஷத்தில் நிரப்பிக் கொடுத்தேன். எலக்ட்ரானிக் சாம்பிள், ஒன்று, மதிப்பு இல்லை.

மேடம் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"உள்ள என்ன சார் இருக்குது?"

"என் சம்சாரத்தோட காது மேடம்."

"பாரத்துல காதுன்னா எழுதியிருக்கீங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேட்டரி இருந்தால் எடுத்துவிடச் சொன்னார், எடுத்தேன். பிறகு பாரத்தின் மேல் பேனாவால் தட்டிக்கொண்டே சொன்னார்: "நாங்க வாங்கி அனுப்பறதோட சரிங்க. மெட்ராஸ்ல கஸ்டம்ஸ்காரங்க படிப்பாங்க. நீங்க அங்க போய் நின்னு பேச முடியாது. இந்த பாரம்தான் அங்க உங்க வாய்."

மேடம், நான் வாரத்துக்குப் பத்துப் பாரம் எழுதுகிற ஆள் என்று சொல்லிவிட்டு ரசீதையும் பாரத்தின் நகலையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சென்னையில் அந்தப் பார்சல் நான்கு நாள் சுங்கத்தில் நின்றது. நான் அந்த நான்கு நாளும் சுங்கத்தைத் திட்டினேன். ஒரு புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு என்னதான் பார்ப்பார்களோ என்று கம்பெனி கேன்டீனில் நடித்துக்கூடக் காட்டினேன்; பூதக்கண்ணாடி பிடித்த அதிகாரி மாதிரி ஒரு மெதுவடையை ஆராய்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பார்சல் கிளம்பிவிட்டது. ஜெர்மனி போய்ச் சேர்ந்தது. அங்கே ரிப்பேர் முடிந்து, கார்த்திகை பிறந்த வாரம் மச்சான் திருப்பி அனுப்பினார்.

அதற்குள் வீட்டில் வேறொரு பருவம் தொடங்கியிருந்தது.

நாங்கள் இருப்பது சானமாவுக் காட்டை ஒட்டிய ஊர். ராகி முற்றும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கி வந்து சானமாவில் தங்கும். வருஷா வருஷம் வருவதுதான். வனத்துறை ஜீப் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும். யானைகள் இன்ன பக்கம் இருக்கின்றன, யாரும் தனியாக வெளியே வராதீர்கள் என்று தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை சொல்லும். இந்தப் பக்கத்தில் யார் எந்த மொழிக்காரர் என்று யானைக்கும் தெரியாது, ஜீப்புக்கும் தெரியாது.

என் மனைவி வயர் இணைப்பு செய்யும் கம்பெனியில் முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கிலோமீட்டர், தைலமரத் தோப்பை ஒட்டிய மண்பாதை. மற்ற நாட்களில் அவள் காதில் மெஷினோடு போவாள். ஜீப் கத்துவது கேட்கும், பட்டாசு வெடிப்பது கேட்கும், தோப்புக்குள் கிளை முறிவதுகூடக் கேட்கும். இப்போது எதுவும் கேட்காது. லீவு போடு என்றேன். மெஷின் கெட்டதும் லைனிலிருந்து பேக்கிங் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள், லீவும் போட்டால் வீட்டுக்கே மாற்றிவிடுவார்கள் என்றாள். அதனால் தினமும் நான் கூடப் போனேன். டார்ச்சோடு முன்னால் நான், பின்னால் அவள். திருச்சிக்காரன் யானைக்குக் காவல். தோப்பில் ஒரு பன்றி உறுமினாலே என் கால் பின்னால் வந்துவிடும் என்பது வேறு கதை.

அவள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். ஆனால் என் மீசை உதட்டை மறைக்கிறது என்றாள். இருபது வருஷம் வளர்த்த மீசை. எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் பாதிதான் புரிகிறது என்றாள். மீதிப் பாதியை நோட்டில் எழுதிக் காட்டினேன். எழுதிக் காட்டும் ஜோக்கைவிடப் பரிதாபமானது உலகத்தில் எதுவும் கிடையாது. அவள் படித்து முடிக்கும்வரை நாம் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தினமும் போனில் பார்சல் எங்கே என்று பார்ப்பேன். ஜெர்மனியில் ஏற்றினார்கள், இந்தியாவில் இறக்கினார்கள், அதன் பிறகு ஒரே வரி: சுங்கத்தில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் நாளும் அதே வரி. ஐந்தாம் நாளும் அதே வரி. எட்டாம் நாள் காலையில் பார்க்கும்போது அந்த வரி என்னைப் பார்ப்பது போலிருந்தது.

ஒன்பதாம் நாள் நேரில் போய்விடுவது என்று முடிவெடுத்தேன். ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. துணி எடுக்க பெங்களூரு, பல் பிடுங்க பெங்களூரு, விமானம் ஏற பெங்களூரு. ஜெர்மனியிலிருந்து வருகிற பார்சல் மட்டும் எங்கே போகும்? போகும்போது அது சென்னை வழியாகப் போனது எனக்கு நினைவுக்கே வரவில்லை. முதல் ஆளாக நின்றுவிட்டு மதிய ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம் என்று, விடியும் முன்பே கிளம்பினேன். அன்று ஒருநாள் அவள் தனியாகப் போக வேண்டியதாயிற்று. யானைகள் நான்கு நாளாகப் போடூர் பக்கம்தான் இருக்கின்றன, இந்தப் பக்கம் வராது என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். எப்படி அவ்வளவு நிச்சயமாக எழுதினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எழுதுவதற்குக் கட்டம் இருந்தால் நான் எதையாவது எழுதிவிடுவேன்.

பஸ் அத்திப்பள்ளி தாண்டும்போது எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. யானைகள் தைலமரத் தோப்பு வழியாக மெயின் ரோட்டைத் தாண்டுகின்றன. குட்டிகளும் இருக்கின்றன. யாரும் வெளியே வர வேண்டாம்.

அவளுக்குப் போன் செய்து பயனில்லை. அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. செய்தி அனுப்பினேன்: தோப்புப் பக்கம் போகாதே. ஒரே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினாலும் ஒரு மணி நேரம். ஏறாமலும் நிற்க முடியவில்லை. ரோட்டின் இந்தப் பக்கம் பெங்களூரு பஸ்கள், அந்தப் பக்கம் ஓசூர் பஸ்கள். நடுவில் இருந்த சிமென்ட் தடுப்பில் உட்கார்ந்து அந்த ஒரு டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி. லாரிகள் விளக்கோடு வருவதும் போவதுமாக இருந்தன. ஒரு கண்டக்டர் பஸ் ஜன்னல் வழியாகக் குனிந்து, ஏறுகிறீர்களா இல்லையா என்று கன்னடத்தில் கேட்டார். நான் போனை அவரிடம் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. அவரும் பார்த்தார். பஸ் போய்விட்டது.

நாற்பது நிமிஷம் கழித்து அவளிடமிருந்து வந்தது: கம்பெனி வந்துட்டேன். பார்சல் என்னாச்சு?

அந்தக் கேள்விதான் என்னைப் பெங்களூருக்குத் தள்ளிக்கொண்டு போனது. அங்கே வெளிநாட்டுத் தபால் வரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து வாசலில் நின்றேன். காவலர் என் போனை வாங்கி, பார்சல் விவரத்தை விரலால் கீழே தள்ளிப் படித்தார். நான் ஒன்பது நாளாகத் தள்ளிப் பார்க்காத வரி அடியில் இருந்தது. பார்சல் நிற்கும் ஊர்.

"நிம்து தமிள்நாடு பின்கோடு சார். சென்னைகெ ஹோகி."

பின்கோடு தமிழ்நாடாம், சென்னைக்குப் போக வேண்டுமாம். என் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் பெங்களூரு இருக்க, என் பார்சல் அதன் தலைக்கு மேலே பறந்து சென்னையில் போய் இறங்கியிருந்தது. காவலர் பாவப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார். என் மூஞ்சி அப்படி இருந்திருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். அன்று காலையில் நடந்ததை அவளாகச் சொல்லவில்லை. நான் நோட்டில் எழுதிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். அவள் அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரி. காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவள். பாதி வழி போகும்போதே நாற்றம் வந்துவிட்டதாம். பழைய சாணியும் ஈர மண்ணும் கலந்த ஒரு நாற்றம், எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும் என்றாள். பம்பு செட்டுச் சுவருக்குப் பின்னால் போய் ஒட்டி நின்றிருக்கிறாள். உள்ளங்கால் வழியாகத் தரை அதிர்வது தெரிந்ததாம். கூட்டம் பாதையைக் கடக்கும்போது கடைசியில் வந்த யானை நின்று, சுவர்ப் பக்கம் திரும்பிக் காதை விரித்ததாம். எவ்வளவு தூரத்தில் என்று எழுதினேன். வாசலில் நிற்கும் வேப்பமரத்தைக் கை காட்டினாள்.

ஜீப் வரவில்லையா, மூன்று மொழியிலும் கத்திக்கொண்டுதானே இருந்திருக்கும் என்று எழுதினேன்.

"எனக்கு மூணும் ஒண்ணுதான்" என்றாள்.

மறுநாள் மறுபடியும் டார்ச்சோடு நான் முன்னால் போனேன். என் மூக்கு எதற்கும் உதவாது என்பதால் அவள் என்னைப் பின்னால் போகச் சொன்னாள். அதன்பிறகு அப்படித்தான் போனோம். காது கேட்கிறவன் பின்னால், மூக்கு உள்ளவள் முன்னால். இருட்டில் அவள் சட்டென்று நிற்கும்போதெல்லாம் என் நெஞ்சும் நிற்கும். ஒருநாள் செருப்பில் முள் ஏறி நின்றாள். நான் அதற்குள் தைலமரத்தைக் கட்டிப்பிடித்திருந்தேன்.

அந்த வாரமே சென்னைச் சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் பெயருக்கு. மொழி மரியாதையாகத்தான் இருந்தது; அதனாலேயே இரண்டாம் முறையும் படித்தேன். உங்கள் பெயருக்கு வந்துள்ள பார்சலில் பயன்படுத்தப்பட்ட மருத்துவக் கருவி இருப்பதாக அனுப்பியவர் அறிவித்துள்ளார். அத்தகைய பழைய கருவிகளை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உண்டு. இது இங்கிருந்தே பழுதுபார்க்கச் சென்ற பொருள் என்றால் அதற்கான ஆதாரத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள் அனுப்பவும். தவறினால் பார்சல் அனுப்பியவருக்கே திருப்பப்படும்.

மச்சான் நேர்மையான மனிதர். அவர் அங்கே பாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். காது கேட்கும் கருவி, பழுதுபார்த்தது, உரியவருக்குத் திரும்புகிறது, வரிசை எண் இன்னது.

ஆதாரம் என்னிடம்தான் இருந்தது. அனுப்பும்போது நான் வாங்கிய நகல். அவள் கை நீட்டினாள். நான் பையில் தேடுவது போல நெடுநேரம் தேடினேன். கடைசியில் அவளே எடுத்துவிட்டாள். ஒருமுறை படித்தாள். எலக்ட்ரானிக் சாம்பிள். வரிசை எண் இல்லை. பழுதுபார்க்கப் போகிறது என்ற பேச்சே இல்லை. மதிப்பு இல்லை.

அந்தக் கடைசி வார்த்தையின் மேல் அவள் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள். அன்று பார்த்து என்னிடம் மீசைகூட இல்லை, ஒளிந்துகொள்ள. கம்பெனிப் பழக்கம், எல்லாவற்றுக்கும் இப்படித்தான் எழுதுவோம் என்று நோட்டில் எழுதத் தொடங்கினேன். அவள் நோட்டைப் பார்க்காமல் எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டாள். கேட்காத மனுஷியிடம் இருட்டில் என்ன சொல்ல முடியும்?

மறுநாள் கடிதத்தையும் நகலையும் எடுத்துக்கொண்டு கவுன்டர் மேடத்திடம் போனேன். நடந்ததெல்லாம் சொன்னேன், யானை உட்பட. அவர் நகலைப் படித்துவிட்டு, "அன்னிக்கே கேட்டனே சார்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் போலிருந்தது.

இந்தக் காகிதத்தை ஆதாரம் என்று அனுப்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன். இங்கிருந்து போனது மதிப்பில்லாத மாதிரி, அங்கிருந்து வருவது காது மெஷின், இரண்டும் வேறு பொருள் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும் என்றார். பிறகு கம்ப்யூட்டரில் என் பழைய ரசீது எண்ணைப் போட்டுப் பார்த்தார். சென்னையில் நின்ற அந்த நான்கு நாள் திரையில் வந்தது. நான் மெதுவடையை ஆராய்ந்த நான்கு நாள்.

அங்கே எப்படி வேலை நடக்கும் என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். சந்தேகமான பார்சலைத் தனியாக எடுத்துவைப்பார்கள். பெட்டி தபால்காரர்களின் பொறுப்பு, அதனால் அதைப் பிரிப்பதும் திரும்ப மூடுவதும் அவர்கள் கை. உள்ளே இருப்பதைச் சோதித்துப் போகலாமா கூடாதா என்று சொல்வது சுங்கத்தின் கண். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் தொட மாட்டார்.

"தொறந்தா சும்மா மூட மாட்டாங்க சார்" என்றார் மேடம். "உள்ள இன்னது இருந்துச்சுன்னு எழுதி, எங்காளு ஒருத்தரும் அவங்காளு ஒருத்தரும் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டு ஒட்டுவாங்க. அந்தப் பொட்டி இப்ப எங்க இருக்குது?"

பெட்டி ஜெர்மனியில் குப்பைக்குப் போயிருக்கும். அப்படித்தான் நினைத்தேன். அங்கிருந்தே மச்சானுக்குப் போன் போட்டேன். நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம், நல்ல அட்டைப் பெட்டியை யாராவது தூக்கிப் போடுவார்களா மாப்பிள்ளை, அதே பெட்டியில்தான் போட்டு மேலே புதுக் காகிதம் சுற்றி அனுப்பியிருக்கிறேன் என்றார். சீட்டு ஒன்று ஒட்டியிருந்ததா என்றேன். ஏதோ இரண்டு கையெழுத்து இருந்தது, கிழிக்கவில்லை, உங்கள் சிவப்புச் சீட்டையும் உள்ளேயே போட்டிருக்கிறேன் என்றார். பத்து வருஷம் வெளிநாட்டில் இருந்தும் நாட்றாம்பாளையத்துக்காரர் நாட்றாம்பாளையத்துக்காரர்தான்.

ஆக, ஆதாரம் சென்னையிலேயே இருந்தது, அந்தக் காகிதத்துக்கு அடியில். சீட்டில் அவர்கள் வரிசை எண்ணை எழுதியிருந்தால்தான் பிழைப்பு. எழுதியிருப்பார்களா என்று மேடத்தைக் கேட்டேன். எழுதுகிறவர்கள் எழுதுவார்கள் என்றார். அதை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பதில் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முதலில் இரண்டு பக்கம் வந்தது. என் பதினான்கு வருஷம், என் வருத்தம், யானை. மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, நான்கு வரி போதும் என்றார். முதல் பாரத்தில் தவறாக எழுதியது நான். உள்ளே இருப்பது என் மனைவியின் கருவி. மேல் காகிதத்தைப் பிரித்தால் அடியில் உங்கள் சீட்டு இருக்கும். அதையும் உள்ளே உள்ள சிவப்புச் சீட்டையும் பாருங்கள். பார்சல் அவள் பெயருக்கு என்பதால், சாயங்காலம் வீட்டில் அவளும் கையெழுத்துப் போட்டாள்.

கடிதம் போன பிறகு பதினொரு நாள். மார்கழி பிறந்துவிட்டது. குறிப்பிட்ட நாள் வந்தது, போனது. போனில் அதே வரி நின்றது. எந்த நேரத்திலும் அது 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று மாறிவிடும் என்று பயந்து பார்ப்பதையே நிறுத்தினேன். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. காலையில் பனி இறங்கிய பாதையில் அவள் முன்னால் நடந்து போவாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் பின்னால். ஜீப் எங்கோ தூரத்தில் மூன்று மொழியில் கத்தும். அது எனக்கு மட்டும் கேட்கும். கேட்டதும் அவள் தோளைத் தொடுவேன். அவள் நிற்பாள், மூக்கைத் தூக்கிப் பார்ப்பாள், தலையசைத்துவிட்டு நடப்பாள். அந்தப் பதினொரு நாளும் நான் ஒரு ஜோக்குகூட எழுதிக் காட்டவில்லை. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, அவள் ஷிப்ட் முடிந்து வந்திருந்த நேரம், எங்கள் ஊர்த் தபால்காரர் பெட்டியைக் கொண்டுவந்தார். மேலே இருந்த காகிதத்தை ஒரு பக்கம் நேராக வெட்டி, அதன்மேல் தபால் துறை டேப்பை ஒட்டியிருந்தார்கள். அருகில் சுங்க முத்திரை. என் மனைவி அதைக் கத்தியால் வெட்டாமல் நகத்தால் மெதுவாகப் பிரித்தாள். காகிதத்துக்கு அடியில் எங்கள் பழைய பெட்டி. அதன் மேல் அந்தச் சீட்டு.

நான் எழுதியது எதையும் அந்த இரண்டு பேரும் நம்பவில்லை. சாம்பிள் என்பதை நம்பாமல், திறந்து பார்த்து, பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள்: காது கேட்கும் கருவி, வெளிப்பகுதி, ஒன்று, பயன்படுத்தியது. பிறகு வரிசை எண். பதினாறு எழுத்தும் எண்ணும், ஒன்றுகூடப் பிசகாமல். இரண்டு கையெழுத்து, இரண்டும் கோழி கிண்டியது போல. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் சிவப்புச் சீட்டிலிருந்த கோளாறு விவரத்தையும் படித்திருப்பார்கள். சிரித்தார்களா என்று கேட்க ஆசை. என் கேன்டீன் நடிப்பை அவர்கள் பார்க்காமல் இருந்ததே போதும்.

அவள் எடுத்துவைத்திருந்த பேட்டரியைப் போட்டு மெஷினைக் காதில் மாட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் முகம் திரும்பியது, என் பக்கம் அல்ல, ஜன்னல் பக்கம். தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜீப் கத்திக்கொண்டிருந்தது. இந்த முறை கூட்டம் பெரிது, திரும்பி வந்துகொண்டிருக்கின்றன என்று தமிழில். அவள் முழுவதையும் கேட்டாள். கன்னடத்திலும் கேட்டாள். தெலுங்கிலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் தாழிட்டாள்.

பெட்டிக்குள் மச்சானின் கடிதம் இருந்தது. மெஷின் சரியாகிவிட்டது, ஆனால் வீட்டில் வைத்திருக்கும் சார்ஜர் அந்த மாடலில் எல்லாமே கோளாறாம், அதையும் அனுப்பிவையுங்கள், மாற்றித் தருகிறார்கள், அதுவரைக்கும் இதோடு வைத்திருக்கும் மாற்றுச் சார்ஜரை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே மேடத்திடம் போய் ஒரு வெற்றுப் பாரம் வாங்கிவந்தேன். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அதை விரித்துவைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் வந்தாள், அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். அன்று காலையில் உன்னைத் தனியாக விட்டுப் போனது என் தப்பு, போகிற இடம் எதுவென்றுகூடப் பார்க்காமல் போனது அதைவிடப் பெரிய தப்பு, அந்த வார்த்தையை எழுதியது எல்லாவற்றிலும் பெரியது, கை பழக்கத்தில் எழுதிவிட்டது, மனசு எழுதவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். காதில், மெஷின் ஓடுகிறது என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. முடித்துவிட்டு, இந்த முறை ஒவ்வொரு கட்டமும் உன்னைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுவேன் என்று பேனாவின் மூடியைத் திறந்து, மதிப்பு என்ற கட்டத்தில் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"பேனாவக் குடுங்க."